பிரேக் குழாயும் அண்ணியின் காலும்

நான் மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்குக் கீழே கோணிப்பை, மூக்குக்கு நேர் மேலே மோட்டார் வண்டியின் வயிறு. உள்ளே கால் வைக்கும் பலகையைக் கழற்றியிருந்ததால், அந்தச் சந்து வழியாக ஒரே ஒரு கால் எனக்குத் தெரிந்தது. மருதாணி வெளுக்கத் தொடங்கிய, மெட்டி போட்ட கால். அது பிரேக் மிதியின் மேல் இருந்தது.

“மிதிங்க அண்ணி,” என்றேன்.

மெட்டி இரும்பில் பட்டு ‘டிக்’ என்றது.

“மிதிச்சிட்டேன்.”

“அப்டியே புடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது.”

“புடிச்சிகினுதான் கீறேன்.”

சக்கரத்துக்குப் பின்னால் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினேன். அதில் மாட்டியிருந்த ரப்பர் குழாய் வழியாக எண்ணெய் இறங்கி, மருந்து சீசாவுக்குள் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. திருகை இறுக்கிவிட்டு, “இப்ப விடுங்க,” என்றேன். கால் மேலே போயிற்று. மறுபடியும் “மிதிங்க.” மறுபடியும் ‘டிக்’.

பிரேக்கில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஓட்டுகிறவரின் இருக்கையில் ராஜாவைப் போல உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே சாணி வாசனையில் கிடக்க வேண்டும். இத்தனை வாரமாக என் கதையைப் படித்துவருகிறவர்களுக்கு, நான் எந்த ஆள் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தவக்களை வண்டி

போன வாரம் அரிசி மிஷின் பெல்ட்டில் என் தாவணி மாட்டிக்கொண்டதை எழுதியிருந்தேன். ‘இந்தப் பெண்ணுக்கு வீட்டில் வேலையே கிடையாதா’ என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, நிறைய இருந்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் மிஷினுக்குப் போனேன்.

மாங்காட்டில் எங்களுக்கு நிலமும், பூந்தமல்லியில் ஓர் அரிசி மிஷினும் இருந்தன. அப்பா காலமான பிறகு அண்ணன் இரண்டையும் பார்த்துக்கொண்டான். ஸ்கூல் பைனல் முடித்துவிட்டு, மாப்பிள்ளை வருகிறவரை என்ன செய்வது என்று தெரியாமல் திரிந்தவள் நான்.

சீமையில் ஜெர்மன்காரனோடு சண்டை ஆரம்பித்த புதிது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரிடமிருந்து அண்ணன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் மோட்டாரை வாங்கி வந்தான். மூஞ்சி நீளம், உடம்பு குட்டை, கரும்பச்சை நிறம். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். ஊரில் அதற்குத் ‘தவக்களை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டே பேர்தான் உட்காரலாம்.

அந்த இரண்டாவது ஆள் நான்.

வண்டியோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்தது. அண்ணனுக்கு இஞ்சின் சத்தத்தைக் கேட்டே சீக்கு சொல்லத் தெரியும். இங்கிலீஷ் படிக்கப் பொறுமை கிடையாது. நான் படித்துச் சொல்வேன், அவன் செய்வான். சில நாளில் அவன் வருவதற்குள் நானே செய்துவைத்திருப்பேன். சாயங்காலம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் காற்று காதை அடைக்க, புளியமரங்கள் பின்னால் பின்னால் ஓட, “கீர் மாத்தறப்போ கறகறங்குது பார்” என்று நான் கத்த, “தெரியும் பாப்பா, கம்முனு வா” என்று அவன் கத்த... அந்த இடது பக்கத்து இருக்கையை யாராவது என்னிடமிருந்து பறிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாட்டுக்கொட்டாயில் மோட்டார்

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. லட்சுமி இருக்கிற இடத்தில்தான் வாகனமும் இருக்க வேண்டும் என்று மாட்டுக்கொட்டாயின் ஓரத்தை ஒழித்துக் கொடுத்தாள். புதுக் கீற்று வேய்ந்து, சாணி மெழுகி, கோலம்கூடப் போட்டாள்.

எங்கள் செவலைப் பசுவுக்குப் பக்கத்து இடம். அதன் மூத்திரம் ஓடுகிற வாய்க்கால் சரியாக வண்டியின் பின்பாதிக்குக் கீழே போயிற்று. அது போதாதென்று, வெள்ளிக்கிழமை தோறும் அம்மா ஒரு செம்பு கோமியத்தை எடுத்து, கண்ணேறு கழியட்டும் என்று வண்டியைச் சுற்றித் தெளிப்பாள். சக்கரத்துக்கு உள்பக்கமெல்லாம் குனிந்து தெளிப்பாள். அம்மாவுக்குத் தாராளமான கை.

புத்தகத்தில் மழை, கடல்காற்று, சேறு எல்லாவற்றைப் பற்றியும் எச்சரித்திருந்தார்கள். கோமியத்தைப் பற்றி அந்த வெள்ளைக்காரர்களுக்கு யார் சொல்வது?

பிரேக் மிதியிலிருந்து நாலு சக்கரத்துக்கும் விரல் பருமன்கூட இல்லாத இரும்புக் குழாய்கள் போகும். மிதித்தால் அதற்குள் இருக்கிற எண்ணெய் அழுத்தப்பட்டுச் சக்கரத்தைப் பிடிக்கும். பின்பக்கத்துக் குழாய் அந்த வாய்க்காலுக்கு மேலேயே கிடந்து, யாருக்கும் தெரியாமல் துருவை வளர்த்துக்கொண்டிருந்தது.

வந்த கால்

வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் புரசைவாக்கம். பெயர் கோமளம். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள், ஆனால் அண்ணி. சிவப்பு, நீளமான ஜடை, யாரிடம் பேசினாலும் ஒரு சிரிப்பு. குறை கண்டுபிடிக்க நான் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சமல்ல. ஒன்றும் அகப்படாததே பெரிய குறையாக இருந்தது.

இருக்கை அவளுடையதாயிற்று. அது நியாயம்தான், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒரு நாள் நெடுஞ்சாலையில் அவள் கையைப் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்ப விட்டதாக அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். நான் ஒரு வருஷமாகக் கெஞ்சியதற்கு, ‘வயசுப் பொண்ணு, நாளைக்கு ஒருத்தன் வந்து கட்டிக்க வேணாமா’ என்று சொன்ன அண்ணன் அவன்தான்.

மறுவீட்டு விருந்து முடித்து இருவரும் புரசைவாக்கத்திலிருந்து திரும்பும்போது அது நடந்தது. மாங்காட்டு ஏரிக்கரையிலிருந்து ஊருக்குள் இறங்குகிற சரிவில் அண்ணன் பிரேக்கை மிதித்திருக்கிறான். மிதி தரை வரை போய்விட்டது. கைபிரேக்கை இழுப்பதற்குள் சரிவே முடிந்து, தவக்களை நேராகச் சேற்று வயலுக்குள் குதித்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. அண்ணனுக்கு நெற்றியில் ஒரு வீக்கம். விருந்தில் கொடுத்தனுப்பிய பலகாரமெல்லாம் நாற்றங்காலில் மிதந்தது.

ஊரே ஏரிக்கரையில் கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மா மோவாயில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: “வந்த காலு அப்டி.”

எங்கள் அம்மாவை அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. மருமகள் வந்த நாளிலிருந்து சாயங்கால விளக்கை அவள் கையால்தான் ஏற்றச் சொன்னவள், அன்று இருட்டியதும் என்னைக் கூப்பிட்டாள். நான் ஏற்றினேன். அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அன்றைக்கு இல்லை.

வண்டியை மாடு கட்டி இழுத்துவந்த மறுநாள் நான் அடியில் நுழைந்து பார்த்தேன். பின்குழாய் துருவேறி, விரலால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கையிலிருந்த துருவை அம்மாவிடம் காட்டி, பசு, வாய்க்கால், கோமியம் எல்லாவற்றையும் விளக்கினேன். அண்ணிக்கு ஆதரவாகப் பேச வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒரு மிஷின் கெட்டதற்குத் தப்பான காரணம் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “துரு ஒரு வருசமா கீதுன்னு நீயே சொல்ற. அவ வந்து ஒக்காந்த அன்னிக்குத்தான் ஓட்டையாவணுமா?”

இதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை.

ஆடி வருகிறது

அண்ணன் வண்டியை விற்றுவிடுவதாகச் சொன்னான். ஆவடிப் பக்கத்தில் ஒருவர் கேட்டிருக்கிறாராம். அன்றைக்கு மத்தியானம் கிணற்றடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து நின்றாள்.

ஆனி முடிகிற சமயம். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆடி முடிந்தால் புகுந்த வீட்டார் போய் அழைத்துவர வேண்டும். அழைக்கப் போகாத வீடுகளும் உண்டு. அண்ணிக்கு அந்தப் பயம்தான். இந்தப் பேச்சோடு அவள் போனால், ஆவணியில் அம்மா தன்னை அழைக்க ஆள் அனுப்புவாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

“ஆடி பொறக்கறதுக்குள்ள இத்த சரி பண்ண முடியுமா பாப்பா? அதே சரிவுல, அதே ஜனங்க பாக்க, அது ஒருதரம் நின்னுட்டா போதும்.”

வாசகர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனசு உடனே கணக்குப் போட்டது. வேலை கொஞ்சம் தாமதித்தால் அண்ணி போய்விடுவாள். திரும்பி வந்தால் வரட்டும். அதற்குப் பிறகு வண்டி தயாரானால், இடது பக்கத்து இருக்கை யாருக்கு?

ஆனால் இன்னொன்றும் இருந்தது. முடியுமா என்று என்னிடம் ஒருவர் கேட்கிறார். அதுவும் மிஷின் விஷயத்தில். “ஏன் முடியாது?” என்று என் வாய் முந்திக்கொண்டது. என் கர்வம் என் பொறாமையைவிட ஒரு விரற்கடை உயரம்.

அண்ணனிடமும் பேசி, ஆடி வரை விற்பதில்லை என்று வாக்கு வாங்கினேன்.

உலக்கையும் குழாயும்

மறுபடி இரும்புக் குழாய் போட எனக்கு இஷ்டமில்லை. செம்புக் குழாய் போதும் என்று தீர்மானித்தேன். அண்ணன் பட்டணத்துப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தான்.

செம்பை நிறம் சிவக்கும் வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால் மெத்தென்று வளையும். கரி அடுப்பில் சுட்டேன். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க, சலித்த மணலைக் குழாய்க்குள் நிரப்பி இரண்டு பக்கமும் அடைத்து, உலக்கையின் மேல் வைத்து வளைத்தேன். உலக்கையை அண்ணி பிடித்துக்கொண்டாள். அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்து, நெல் குத்துகிற உலக்கைக்கு வந்த கேட்டை நொந்துகொண்டு போனாள்.

குழாயின் வாயைப் புனல் மாதிரி விரித்தால்தான், நடுவில் ஓட்டையுள்ள திருகு அதைக் கவ்விப் பிடிக்கும். மிஷினிலிருந்து எடுத்துவந்த கூர் உளியால் தட்டித் தட்டி விரித்தேன். முதல் குழாயின் இரண்டு வாயும் தாமரை மொக்கு மாதிரி அமைந்துவிட்டன. தூக்கிப் பிடித்துக் காட்டினேன்.

அண்ணி பார்த்தாள். தரையில் கிடந்த திருகைப் பார்த்தாள். மறுபடி குழாயைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் கீது பாப்பா. இந்தத் திருகு இனிமே எப்டி உள்ள போவும்?”

திருகைக் குழாயில் கோத்துவிட்டு அல்லவா வாயை விரிக்க வேண்டும்! புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். இரண்டு வாயையும் அறுத்து எறிந்தேன். தப்பு செய்ததைவிட, அதை அவள் கண்டுபிடித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கேலியாகவாவது சிரித்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு அடுத்த குழாயை எடுத்துக் கொடுத்தாள்.

பிரேக் எண்ணெய்க்கு இன்னொரு கூத்து. சண்டையினால் சீமை டின் வரவில்லை. மிஷின் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிப் பாழாகும். தாவர எண்ணெய்தான் ஆகும் என்று புத்தகம் சொன்னது. வீட்டில் இருந்த நல்ல விளக்கெண்ணெயில், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் வாங்கிய சாராய ஸ்பிரிட்டைக் கலந்தோம். ரப்பர் குழாயும் சீசாவும் அவர் கொடுத்தவைதான். அந்த ரப்பர் குழாய் அதற்கு முன் எதற்குப் பயன்பட்டது என்று நான் கேட்கவில்லை.

இனி, கோணிப்பைக்குத் திரும்புவோம்.

மிதிங்க, விடுங்க

மூன்று சக்கரம் முடிந்துவிட்டது. சீசாவில் குமிழி நின்று, எண்ணெய் மட்டும் வந்தது. கடைசிச் சக்கரத்தில்தான் சனி பிடித்தது. நான் திருகை இறுக்குவதற்கு முன்பே கால் மேலே போய்விடும். வெளியே போன காற்று குழாய்க்குள் திரும்ப ஏறிவிடும். ஒரு தடவை, இன்னொரு தடவை, மறுபடியும். விளக்கெண்ணெய் என் முழங்கை வழியாக வழிந்து தலைமுடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே அவள் மெத்தை இருக்கையில் இருக்கிறாள். என் இருக்கைக்குப் பக்கத்து இருக்கை. இல்லை, அவளுடைய இருக்கைக்குப் பக்கத்து இருக்கை.

“உங்க காலுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும் அண்ணி,” என்றேன்.

கால் மிதியில் அப்படியே இருந்தது. மேலிருந்து குரல் வந்தது, ரொம்ப மெதுவாக.

“நீயும் காலையே சொல்லு.”

செவலை அசைபோடுகிற சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. “நான் திருகைச் சொன்னேன்” என்று ஏதோ உளறினேன்.

“மிதிங்க,” என்றேன்.

இந்தத் தடவை அந்தக் கால் இறங்கியது, இறங்கியபடியே நின்றது. நான் திருகைத் திறந்தேன், குமிழி வந்தது, காத்திருந்தேன், இறுக்கினேன். விடச் சொல்ல வேண்டும் என்பதையே மறந்துவிட்டுச் சீசாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தபோது அவள் கணுக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மெட்டி மிதியின் மேல் கிடுகிடுவென்று தட்டியது. ஆனாலும் விடவில்லை.

“விடுங்க, விடுங்க,” என்று கத்தினேன்.

அடுத்த முறை குமிழி வரவில்லை. மிதி பாதியிலேயே கல் மாதிரி நின்றது.

ஏரிக்கரை

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை அண்ணன் வண்டியை ஏரிக்கரைக்கு எடுத்தான். ஊருக்கு யார் சொன்னார்களோ, சரிவின் அடியில் பாதி ஊர் நின்றது. எதிர்வீட்டுப் பெரியம்மா முதல் வரிசையில்.

“பாப்பா, நீ ஏறு. ஒனக்குத்தான் சத்தம் தெரியும்,” என்றான் அண்ணன்.

நான் ஏறி உட்கார்ந்தேன். மறுப்பேன் என்று நினைத்தவர்களுக்கு என்னைத் தெரியாது. அதே தோல் மெத்தை, வெயிலில் காய்ந்த அதே வாசனை. கதவைச் சாத்தினேன். அண்ணி அம்மாவுக்குப் பின்னால் நின்றாள், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு. அம்மா வண்டியைப் பார்க்கவில்லை. மருமகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்து வண்டி நின்றால், பிரேக் நன்றாக இருக்கிறது என்பார்கள். அவ்வளவுதான். அவளைப் பற்றிய பேச்சு அப்படியே இருக்கும்.

கதவைத் திறந்து இறங்கினேன். “எண்ணெய் ஒழுவுதான்னு நான் வெளிய நின்னுதான் பாக்கணும். அண்ணி, நீங்க ஏறுங்க,” என்றேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் ஏறி உட்கார்ந்தபோது என் இடுப்பில் யாரோ கிள்ளினாற்போல இருந்தது.

வண்டி கரைமேல் போய்த் திரும்பிச் சரிவில் இறங்கியது. அண்ணன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. பெரியம்மாவுக்கு நாலு முழம் முன்னால் நாலு சக்கரமும் ஒன்றாகக் கவ்வி, தவக்களை மூக்கைத் தரையில் இடித்துக்கொள்வது போல் குனிந்து நின்றது. நான் குழாயைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “வந்த பொண்ணு காலு ராசிதான் போ. அவ மிதிச்சி சரி பண்ண வண்டியாமே.”

அண்ணி இறங்கி, எல்லோர் எதிரிலும் சொன்னாள்: “நான் சும்மா மிதிச்சேன். எல்லாம் பாப்பா கையால பண்ணது.”

இது என் கைவேலை என்று சொல்லாமல் பேரை அவளுக்கே விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று அந்த நிமிஷம் வரை என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதிலும் அவள் முந்திக்கொண்டாள்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. மோட்டாருக்கு அடியில் படுக்கிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கவலை அவளுக்கு. அன்று சாயங்காலம் விளக்கேற்ற மருமகளைக் கூப்பிட்டாள். வண்டியைக் கொட்டாயிலிருந்து வேப்பமரத்தடிக்கு மாற்ற நான் சொன்னபோதும், அது மருமகளின் யோசனையாக இருக்கும் என்றே நினைத்தாள்.

ஆடி பிறந்தது. அண்ணி புரசைவாக்கம் போனாள். நான் கணக்குப் போட்ட மாதிரியே இருக்கை காலியாயிற்று. அண்ணன் நான் கேட்காமலே “ஏறு” என்றான். அந்த மாதம் முழுவதும் அது எனக்கே எனக்கு. ஒரே ஒரு விஷயம், வண்டி எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடைசியில் புரசைவாக்கத்தில்தான் போய் நின்றது. ஆடியில் மாப்பிள்ளை மாமனார் வீட்டுப் படி ஏறக் கூடாது. அதனால் அவன் தெருமுனையில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். நாத்தனார் அண்ணியைப் பார்க்கப் போகலாம். நான் போவேன்.

அண்ணி வாசலுக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

“வண்டி நல்லா நிக்குதா பாப்பா?”

கேட்டது என்னை. பார்த்தது என் தோளுக்கு மேலே, தெருமுனையை.

“நிக்குது,” என்பேன். “நான் போட்ட குழாய் இல்ல?”

“ஆமாம்மா, நீ போட்டதுதான்,” என்பாள், கண்ணை அங்கிருந்து எடுக்காமலே.